புத்தாண்டுத் தீர்மானம் எடுக்க நினைக்கும் விசுவாசிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் விசுவாசிகளிடம் இரண்டு விதமான பேச்சைக் கேட்கலாம். "இந்த வருஷமாவது வேதாகமத்தை முழுசாக வாசித்து முடிக்கணும்" என்பார்கள் சிலர். "தீர்மானம் எல்லாம் எதற்கு, எல்லாமே கிருபைதானே" என்பார்கள் வேறு சிலர். நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். ஒரு வருஷம் நோட்டில் 11 தீர்மானங்களை வரிசையாக எழுதினேன். பிப்ரவரி முடிவதற்குள் ஒன்றுகூட நிற்கவில்லை. அடுத்த இரண்டு வருஷம் எதுவுமே எழுதவில்லை. கேட்டவர்களிடம் கிருபையில் இளைப்பாறுகிறேன் என்று சொன்னேன். உண்மையில் எனக்கு இருந்தது இளைப்பாறுதல் அல்ல, சோர்வு.

அதற்குப் பிறகு வேதத்தைத் திறந்து, மனிதர்கள் தேவனுக்கு முன்பாகத் தீர்மானித்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். இந்த வழிகாட்டியில் இருப்பதெல்லாம் அந்தத் தேடலில் கிடைத்ததும், அதைச் செய்து பார்த்ததில் கற்றுக்கொண்டதும்தான்.

தீர்மானம் எடுப்பது வேதத்துக்கு ஒத்ததா?

ஜனவரி 1 அன்று தீர்மானம் எடு என்று வேதத்தில் எங்கும் கட்டளை இல்லை. அந்தத் தேதியே ரோமர்களின் நாட்காட்டியிலிருந்து வந்தது. ஜூலியஸ் சீசர் சீர்திருத்திய நாட்காட்டி கி.மு. 45-ல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1752 வரைக்கும் சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25 அன்றுதான். ஆகவே அந்த நாளுக்கென்று தனியாக ஒரு வல்லமை கிடையாது. ஜனவரி 14-ம் தேதி காலையிலும் கர்த்தருடைய இரக்கம் அதே அளவு புதியதுதான்.

ஆனாலும் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். யாத்திராகமம் 12:2-ல் தேவன் இஸ்ரவேலருக்கு வருஷத்தின் முதல் மாதத்தைக் குறித்துக் கொடுக்கிறார். எந்த மாதம்? அவர்கள் எகிப்திலிருந்து விடுதலையான மாதம். அவர்களுடைய வருஷக் கணக்கு அவர் செய்த மீட்பிலிருந்து தொடங்குகிறது. அடுத்தது, பல சபைகளின் திருநாள் அட்டவணையில் ஜனவரி 1 என்பது கிறிஸ்துமஸுக்கு எட்டாம் நாள், குழந்தைக்கு 'இயேசு' என்று பெயரிட்ட நாள் (லூக்கா 2:21). "அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார்" என்பதுதான் அந்தப் பெயருக்குத் தூதன் சொன்ன காரணம் (மத்தேயு 1:21). வருஷத்தின் முதல் நாளில் நம் பட்டியலை எடுப்பதற்கு முன்பே அந்தப் பெயர் அங்கே நிற்கிறது.

அப்படியானால் நாம் எதையும் தீர்மானிக்க வேண்டாமா? வேண்டும். தானியேல் "தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு" என்று வேதமே சொல்கிறது (தானியேல் 1:8). வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவைப் பாருங்கள். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதற்கு நாலத்தனை என்று அவன் சொன்னது எவ்வளவு துல்லியமான தீர்மானம்! ஆனால் அதை எப்போது சொன்னான் என்பதுதான் முக்கியம். இயேசு அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவன் வீட்டுக்கு வந்த பிறகு சொன்னான். ஆண்டவர் வரவேண்டும் என்பதற்காக அவன் கொடுக்கவில்லை, வந்துவிட்டார் என்பதால் கொடுத்தான். நம் தீர்மானமும் அவர் செய்ததற்கு நாம் சொல்லும் பதிலாக இருக்கவேண்டும். இந்த வரிசை தலைகீழானால் அது பேரமாகிவிடும்: "நான் இதைச் செய்கிறேன், நீர் எனக்கு அதைச் செய்யும்."

படி 1: பின்னால் பார்த்து நன்றி சொல்லுங்கள்

சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி, அதற்கு எபெனேசர் என்று பெயரிட்டார் (1 சாமுவேல் 7:12). பலருக்கும் தெரிந்த வசனம். மூன்று அதிகாரம் பின்னோக்கிப் போனால், இதே பெயர் ஒரு தோல்வியின் கதையிலும் வருகிறது. எபெனேசரில் பாளயமிறங்கிய இஸ்ரவேலர் பெலிஸ்தரிடம் தோற்று, உடன்படிக்கைப் பெட்டியையே பறிகொடுத்தார்கள். அந்தப் பெயரைத்தான் சாமுவேல் நன்றியின் கல்லுக்கு வைக்கிறார். ஆகவே நீங்களும் நல்லது நடந்த மாதங்களை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டாம்.

ஒரு தாளில் 12 மாதங்களின் பெயரை எழுதுங்கள். கைபேசியில் இருக்கும் படங்களையும் பழைய செய்திகளையும் மாதவாரியாகத் தள்ளிப் பாருங்கள். மறந்துபோனவை எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி போதும். மருத்துவமனையில் கழிந்த மாதத்துக்கும் ஒரு வரி. வேலை போன மாதத்துக்கும் ஒரு வரி. நன்றி சொல்ல எதுவும் தோன்றாத மாதம் இருந்தால், அந்த இடத்தில் "ஆண்டவரே, இது எனக்குப் புரியவில்லை" என்று எழுதுங்கள். சங்கீதக்காரர்களும் அப்படித்தான் ஜெபித்தார்கள்.

படி 2: ஆராய்ந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்

"தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" (சங்கீதம் 139:23). தாவீது தன்னைத் தானே தோண்டிப் பார்க்கவில்லை, ஆராயும்படி தேவனைக் கேட்கிறார். தனியாகத் தோண்டினால் ஒன்று சாக்குப்போக்கு கிடைக்கும், இல்லாவிட்டால் குற்றவுணர்ச்சியில் மூழ்கிப்போவோம். இந்த வசனத்தை மெதுவாக இரண்டு மூன்று தடவை ஜெபமாகச் சொல்லிவிட்டு, அரைமணி நேரம் அமைதியாக உட்காருங்கள்.

அப்புறம், உங்களோடு வாழ்கிறவர்களில் ஒருவரிடம் கேளுங்கள்: "என்னிடம் எது மாறினால் உனக்கு நல்லா இருக்கும்?" கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை, கூடத் தங்கியிருக்கும் நண்பர், யாராக இருந்தாலும் சரி. பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். நான் என் கோபத்தைப் பற்றிய ஒரு பதிலை எதிர்பார்த்துக் கேட்டேன். எனக்குக் கிடைத்த பதில், "நான் பேசும்போது நீங்கள் கேட்கிறதே இல்லை" என்பது. என் 11 தீர்மானங்களில் அது எங்குமே இருந்ததில்லை.

இந்தப் படியில் தெரியவரும் சில காரியங்கள் தீர்மானப் பட்டியலுக்கே போகக் கூடாது. ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது, வாங்கிய கடனை மறைத்து வைத்திருக்கிறோம், ஒரு பொய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அவை மனந்திரும்ப வேண்டிய காரியங்கள். ஜனவரி வரைக்கும் அவற்றை வைத்திருக்க நமக்கு அனுமதி இல்லை. காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்றுதான் ஆண்டவர் சொன்னார் (மத்தேயு 5:24). அறிக்கையிடுங்கள், 1 யோவான் 1:9-ஐ நம்புங்கள், போய்ச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

படி 3: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மிஞ்சினால் இரண்டு

பாபிலோனில் தானியேலுக்கு மாற்றப்பட்டவை பல. பெல்தெஷாத்சார் என்று புதுப் பெயர் வைத்தார்கள், ஏற்றுக்கொண்டார். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் மூன்று வருஷம் கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள். கற்றார், அதில் தேறவும் செய்தார். அரண்மனை வேலைக்குப் போகச் சொன்னார்கள், போனார். ராஜாவின் போஜனத்தைச் சாப்பிடமாட்டேன் என்பதில்தான் கோடு போட்டார். எல்லாவற்றிலும் சண்டை பிடித்திருந்தால் அவரால் எதிலும் நின்றிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

உங்கள் கோடு எது? இரண்டாம் படியில் திரும்பத் திரும்ப வந்து நின்ற காரியத்தைப் பாருங்கள். ஜெபத்திலும் வந்து, வீட்டில் இருப்பவர் வாயிலும் வந்தது என்றால் பெரும்பாலும் அதுதான். அது ஆவிக்குரியதாகத் தோன்றவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நேரத்துக்குத் தூங்குவது, கடனைக் குறைப்பது, நடைப்பயிற்சி, கைபேசியைத் தள்ளி வைப்பது எல்லாமே ஆண்டவருக்கு முன்பாக எடுக்கக்கூடிய தீர்மானங்கள். சரீரமும் அவருடையதுதான் (1 கொரிந்தியர் 6:19, 20).

நோக்கத்தை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். "இதை நான் செய்வது ஒருவருக்கும் தெரியாமலே போனாலும் செய்வேனா?" என்று ஒரு கேள்வி. "இதில் தோற்றுப்போனால் தேவன் என்னைக் குறைவாக நேசிப்பார் என்று உள்ளுக்குள் நினைக்கிறேனா?" என்று இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று வந்தால், பட்டியலை மூடிவிட்டு ரோமர் 8-ம் அதிகாரத்தை ஒரு வாரம் வாசியுங்கள். தீர்மானம் காத்திருக்கட்டும்.

படி 4: பொருத்தனையா, தீர்மானமா? வார்த்தையைப் பார்த்து எழுதுங்கள்

இதைப் பலரும் யோசிப்பதில்லை. ஆராதனையின் உணர்ச்சியில் "ஆண்டவரே, இனி ஒருநாளும் செய்யமாட்டேன், இது சத்தியம்" என்று சொல்லிவிடுகிறோம். அது தீர்மானம் அல்ல, பொருத்தனை. பொருத்தனையைப் பற்றி வேதம் கண்டிப்பாகப் பேசுகிறது: "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்" (பிரசங்கி 5:5). பொருத்தனை பண்ணாமலிருப்பது பாவமில்லை என்று உபாகமம் 23:22 தெளிவாகச் சொல்கிறது. யோசிக்காமல் நேர்ந்துகொண்ட யெப்தாவின் வீட்டில் என்ன நடந்தது என்பது நியாயாதிபதிகள் 11-ல் இருக்கிறது.

ஆகவே எழுதும்போது "ஒருநாளும் மாட்டேன்", "கட்டாயம் செய்வேன்" என்ற வார்த்தைகளைத் தவிர்த்துவிடுங்கள். யாக்கோபு ஒரு நல்ல வாக்கிய அமைப்பைக் கொடுத்திருக்கிறார்: "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்" (யாக்கோபு 4:15). அமெரிக்க இறையியலாளர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1722, 1723-ல், இருபது வயதுகூட நிரம்பாத காலத்தில், 70 தீர்மானங்களை எழுதினார். ஒன்று இரண்டு என்று எண் போடுவதற்கு முன்னால், தேவனுடைய உதவியில்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய இயலாது என்று எழுதி, இவற்றைக் காத்துக்கொள்ளக் கிருபை தரும்படி வேண்டிக்கொண்டுதான் பட்டியலைத் தொடங்கினார். எண்ணிக்கையில் அவரைப் பின்பற்றச் சொல்லமாட்டேன். அந்த முதல் வரியை அப்படியே பின்பற்றலாம்.

உங்கள் தாளில் இப்படி எழுதிப் பாருங்கள்: "ஆண்டவரே, நீர் எனக்குச் செவிகொடுத்ததினால், நானும் என் வீட்டாருக்குச் செவிகொடுக்க விரும்புகிறேன். என்னால் தனியாக முடியாது. உமக்குச் சித்தமானால், தினமும் இரவு 20 நிமிஷம் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு அவர்கள் பேசுவதைக் கேட்பேன்." அவர் செய்தது முதலில், நம் விருப்பம் அடுத்து, நம் இயலாமை, கடைசியில்தான் செயல்.

படி 5: கைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறிதாக்குங்கள்

தானியேல் விசாரிப்புக்காரனிடம் கேட்டது எவ்வளவு நாள் தெரியுமா? பத்து நாள் (தானியேல் 1:12). ஆயுள் முழுவதும் என்று கேட்கவில்லை. என்ன சாப்பிடுவது, என்ன குடிப்பது, எத்தனை நாள், யார் சோதித்துப் பார்ப்பது எல்லாம் அந்த வேண்டுகோளில் இருந்தது. "இன்னும் பரிசுத்தமாக வாழ்வேன்" என்பது ஆசை. பத்து நாளில் செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு அதை இறக்கினால்தான் தீர்மானம்.

அதிகம் பேர் எடுக்கும் தீர்மானமாகிய வேத வாசிப்பையே எடுத்துக்கொள்வோம். வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க தினமும் மூன்று அதிகாரத்துக்குக் கொஞ்சம் மேலே வாசிக்கவேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. தினமும் மூன்று என்றால் ஜனவரி 30 அன்று இரண்டும் முடிகிறது; மறுநாள் லேவியராகமம். பலிகளின் முறைகளும் தொழுநோய்ச் சட்டங்களும் ஆரம்பிக்கும் அந்த இடத்தில், பிப்ரவரி முதல் வாரத்தில்தான், நிறையப் பேர் நின்றுபோகிறார்கள். நானும் அங்கேதான் நின்றேன். பக்தி குறைந்துபோனது என்று நினைத்து என்னை நொந்துகொண்டேன். திட்டம் எனக்குப் பொருந்தவில்லை என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

வேறு வழிகள் உண்டு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு அதிகாரம் என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போனதைப் பிடிப்பதற்கு மிஞ்சும். நான்கு சுவிசேஷங்களுக்கு மொத்தம் 89 அதிகாரம். தினமும் ஒன்று என்றால் மூன்று மாதத்துக்குள் ஆண்டவருடைய வாழ்க்கையை நான்கு தரம் கடந்துவிடலாம். நீதிமொழிகளில் 31 அதிகாரம், மாதத்தின் தேதிக்கு ஒன்று. முழு வேதாகமத்தையும் வாசிக்கப் பலம் உள்ளவர்களுக்கு, ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842-ல் தன் சபைக்காகத் தயாரித்த அட்டவணை இன்றும் பயன்படுகிறது. தினமும் நான்கு அதிகாரம் அளவுக்கு வரும். பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டுமுறை முடியும். இதுவரை தினமும் வாசித்தே பழக்கமில்லாதவர் இதில் ஆரம்பிக்க வேண்டாம். மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். அங்கே தொடங்குங்கள்.

ஜெபத்துக்கும் இதே கணக்கு. தினமும் ஒரு மணிநேரம் என்று குதிக்காமல், ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு பத்து நிமிஷத்தைக் கட்டிவிடுங்கள்: எழுந்ததும், பேருந்தில் ஏறியதும், படுக்கும் முன். ஜெபித்தால் சிங்கக் கெபி என்று சட்டம் வந்த நாளில் தானியேல் முழங்காற்படியிட்டபோது, "தான் முன் செய்துவந்தபடியே" செய்தார் என்று எழுதியிருக்கிறது (தானியேல் 6:10). கி.மு. 605-ல் வாலிபனாகப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர் அவர். பாபிலோன் விழுந்தது கி.மு. 539-ல். சிங்கக் கெபி அதற்கும் பிறகு. பத்து நாள் கேட்டவருடைய விசுவாசம் அறுபது வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

படி 6: காலியான இடத்தை நிரப்புங்கள்

ஒரு பழக்கத்தை விடுவது மட்டுமே தீர்மானம் என்றால், மத்தேயு 12:43-45-ஐ வாசியுங்கள். பெருக்கி ஜோடிக்கப்பட்டிருந்தும் வெறுமையாயிருந்த வீட்டுக்குள் வெளியேறின ஆவி இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. பவுல் திருடனுக்குச் சொல்வதும் திருடாதே என்பதோடு நிற்கவில்லை: கைகளினால் வேலை செய், குறைவுள்ளவனுக்குக் கொடு (எபேசியர் 4:28). எடுத்த அதே கை கொடுக்கும் கையாக மாறவேண்டும். புறங்கூறுவதை விட நினைத்தால், யாரைப் பற்றிப் பேச வாய் வருகிறதோ அவருக்காக அந்த இடத்திலேயே ஒரு வரி ஜெபம். வீண் செலவை விட நினைத்தால், மிச்சமாகும் பணம் யாருக்குப் போகும் என்று இப்போதே பெயர் குறித்துவிடுங்கள்.

படி 7: ஒருவரிடம் சொல்லுங்கள்

ஸ்டேட்டஸில் போடவேண்டாம். அங்கே கிடைக்கும் பாராட்டு, செய்து முடித்ததைப் போன்ற ஒரு திருப்தியைத் தந்துவிடும். ஆனால் யாரிடமும் சொல்லாமலும் இருக்காதீர்கள். "ஒண்டியாயிருந்து விழுகிறவனுக்கு ஐயோ" (பிரசங்கி 4:10). தானியேலுக்கு அனனியா, மீஷாவேல், அசரியா இருந்தார்கள். நெருக்கடி வந்தபோது அவர்களிடம் போய்த்தான் ஜெபிக்கச் சொன்னார். வாரம் ஒருமுறை "எப்படிப் போகிறது?" என்று கேட்கக்கூடிய, நீங்கள் விழுந்தாலும் முகம் சுளிக்காத ஒருவர் போதும். குடி, ஆபாசம், சூதாட்டம் போன்ற அடிமைத்தனம் என்றால் அந்த ஒருவரோடு மருத்துவரோ ஆலோசகரோ சேரட்டும். உதவி தேடுவது அவிசுவாசம் அல்ல.

படி 8: வாரம் ஒருமுறை தாளைத் திறங்கள்

எட்வர்ட்ஸ் தன் தீர்மானங்களை வாரம் ஒருமுறை வாசிக்கவேண்டும் என்று எழுதி வைத்தார். ஓய்வுநாள் மாலையில் பத்து நிமிஷம் எடுங்கள். இந்த வாரம் எங்கே கிருபை தெரிந்தது, எங்கே சறுக்கியது, அடுத்த வாரம் எதை மாற்றவேண்டும். திட்டம் பெரிதாக இருந்தால் குறையுங்கள். குறைப்பது தோல்வி என்று எண்ணவேண்டாம்.

படி 9: விழுந்த நாளில் என்ன செய்வது

இதைப் படிக்கும் நம்மில் ஏறக்குறைய எல்லாருக்கும் இந்தப் படி தேவைப்படும். ஆகவே முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வேதத்தில் உள்ள தீர்மானங்களில் மிக உருக்கமானது பேதுருவுடையது. "நான் உம்மோடே மரிக்கவேண்டியதாயிருந்தாலும் உம்மை மறுதலிக்கமாட்டேன்" என்றார் (மாற்கு 14:31). மனதாரச் சொன்னார். சேவல் கூவுவதற்குள் அது உடைந்துபோனது. ஆனால் அவர் விழுவதற்கு முன்னாலேயே இயேசு "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று சொல்லியிருந்தார் (லூக்கா 22:32).

உயிர்த்தெழுந்த பிறகு, கடற்கரையில், கரிநெருப்புக்குப் பக்கத்தில் பேதுருவிடம் அவர் பேசியதை யோவான் 21-ல் பொறுமையாக வாசியுங்கள். "இனிமேல் மறுதலிக்கமாட்டாய் அல்லவா?" என்று அவர் கேட்கவில்லை. புதிதாக ஒரு சபதத்தை வாங்கவில்லை. மூன்று தரமும் கேட்டது, நீ என்னை நேசிக்கிறாயா என்பதுதான். பதில் வந்ததும் தண்டனை கொடுக்கவில்லை, ஆடுகளை மேய்க்கும் வேலையைக் கொடுத்தார். என் நோட்டின் 11 வரிகளும் உடைந்துபோன வருஷம் இந்த அதிகாரத்தை நான் சரியாக வாசித்திருந்தால், அடுத்த இரண்டு வருஷத்தை ஆண்டவரிடமிருந்து ஒதுங்கி நின்று கழித்திருக்கமாட்டேன்.

ஆகவே விழுந்த அன்று செய்யவேண்டியது இவ்வளவுதான். அன்றைக்கே, அடுத்த திங்கட்கிழமைக்காகக் காத்திராமல், நடந்ததை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். கூட நிற்கும் அந்த ஒருவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். விட்டுப்போன நாட்களைச் சேர்த்து வைத்து ஒரே மூச்சில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். ஒன்பது நாள் வாசிக்கவில்லை என்றால் அந்த 27 அதிகாரத்தையும் விட்டுவிட்டு இன்றைய பகுதியைத் திறங்கள். மறுநாள் காலையில் எழுந்ததும் புலம்பல் 3:22, 23-ஐச் சத்தமாக வாசியுங்கள். எருசலேம் இடிந்து கிடந்தபோது பாடப்பட்ட வரிகள் அவை.

டிசம்பர் 31 அன்று

அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் வேதாகமத்துக்குள் வைத்திருங்கள். வருஷம் முடியும் மாலையில் எடுத்து, எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள்: நிலைத்தது, பாதியில் நின்றுபோனது, நீங்கள் எழுதாமலே ஆண்டவர் மாற்றியது. பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் 12 மாதங்களின் பெயரை எழுத ஆரம்பியுங்கள்.